முதல் தோல் வேலைக்கு எத்தனை மில்லிமீற்றர்? தோலின் தடிப்பைத் தெரிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தைக்குத் தோல் வேலை பழக வருகிறவர்களில் பலர் கையில் தோலோடுதான் வருகிறார்கள். கொழும்பு பஸ்ஸில் வந்த ஒரு சுருளாக இருக்கும், அல்லது தெரிந்த ஒருவர் கொடுத்த துண்டாக இருக்கும். "இதில் ஒரு பணப்பை செய்ய வேண்டும்" என்று மேசையில் விரிப்பார்கள். அளந்து பார்த்தால் 3.5 மில்லிமீற்றர் இருக்கும். அது இடுப்புப் பட்டி வெட்ட வேண்டிய தோல். அதில் செய்த பணப்பை மடியாது. வலிந்து மடித்தாலும் மூடி நிற்காது.

தையல் பிழைத்தால் பிரித்துவிட்டுத் தைக்கலாம், ஓரம் பிழைத்தால் சீவலாம். தடிப்புப் பிழைத்தால் வேறு தோல் வாங்குவதுதான் வழி. அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். என்ன பொருள் என்று முடிவெடுப்பது முதலில், மட்டையில் மாதிரி அடுத்தது, பிறகு அடுக்குகளின் கூட்டல், பிறகு பதனீட்டு வகை, அதாவது தோல் எதில் ஊறிப் பக்குவப்பட்டது என்பது. இவ்வளவும் முடிந்த பின்புதான் கடை.

1. அவுன்ஸ் என்ற எண்ணை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

தோல் விற்கிறவர்கள் சிலர் மில்லிமீற்றரில் சொல்வார்கள், சிலர் அவுன்ஸில் சொல்வார்கள். காணொளிகளில் பெரும்பாலும் அவுன்ஸ்தான் வரும். ஒரு சதுர அடித் தோல் எத்தனை அவுன்ஸ் நிறுக்கிறது என்பதிலிருந்து வந்த வழக்கு அது. இன்று அது தடிப்பின் பெயராகவே நின்றுவிட்டது.

1 அவுன்ஸ் என்றால் ஓர் அங்குலத்தின் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மி.மீ. இந்த ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டால் போதும். 2 அவுன்ஸ் 0.8 மி.மீ., 4 அவுன்ஸ் 1.6 மி.மீ., 8 அவுன்ஸ் 3.2 மி.மீ., 10 அவுன்ஸ் 4 மி.மீ.

"8-9 அவுன்ஸ்" என்று இரண்டு எண் சேர்த்து எழுதியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். ஒரே தோலில் ஓர் இடம் 3.2 ஆகவும் இன்னோர் இடம் 3.6 ஆகவும் இருக்கும் என்பதே அதன் பொருள். தோல் ஓர் உயிரின் உடம்பிலிருந்து வந்தது. தகரம் போல ஒரே சீராக இராது.

2. வாங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அளக்க ஒரு வேணியர் இடுக்கிமானி வேண்டும். பாடசாலையில் விஞ்ஞான பாடத்தில் பார்த்த அதே கருவிதான். விலை குறைந்த பிளாஸ்டிக் வகையே இந்த வேலைக்குப் போதும். தாடைகளை இறுக்கி அமர்த்தாதீர்கள். மென்மையான தோல் அமுங்கி 0.2 மி.மீ. குறைவாகக் காட்டும், மெல்லிய தோலில் அது பெரிய பிழை. தோல் தாடைகளுக்கிடையே உரசிக்கொண்டு நகரும் அளவுக்கு மட்டும் மூடுங்கள்.

இடுக்கிமானி கிடைக்கவில்லையென்றால் வங்கி அட்டை இருக்கிறது. எந்த வங்கியின் அட்டையானாலும் தடிப்பு 0.76 மி.மீ.தான், உலகெங்கும் ஒரே நியமம். எண்கள் புடைத்து நிற்காத வெறும் பகுதியைத் தோலின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்து விரலால் தடவுங்கள். ஓர் அட்டைக்குச் சமமாக இருந்தால் ஏறத்தாழ 2 அவுன்ஸ், இரண்டு அட்டை 4 அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு, நான்கு அட்டை 3 மி.மீ. அளவு, ஐந்து அட்டை 3.8 மி.மீ. சந்தையில் நின்றுகொண்டே இதைச் செய்யலாம்.

இவற்றோடு பழைய பெட்டி மட்டை, அடிமட்டம், கூர்மையான கத்தி ஆகியவை வேண்டும். பழைய கைப்பை ஒன்று வீட்டில் கிடந்தால் எறியாதீர்கள். பிரித்து ஒவ்வொரு துண்டையும் அளந்து பாருங்கள். எந்த இடத்துக்கு எந்தத் தடிப்பு என்பதை அது நன்றாகக் கற்றுத்தரும்.

3. பொருளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்

எங்கே மடிகிறது? மடிப்பு உள்ள இடத்தில் தடித்த தோல் எதிர்த்து நிற்கும், பிறகு வெளிப்பக்கம் வெடிக்கும்.

எது அதை இழுக்கிறது? இடுப்புப் பட்டியை உடம்பும், பையின் வாரை உள்ளே இருக்கும் பாரமும், மாட்டின் கழுத்துப் பட்டியை மாடும் இழுக்கும். இழுவை உள்ள இடத்தில் மெல்லிய தோல் நீளும். அறுவதற்கு வெகுகாலம் முன்பே நீண்டு உருக்குலையும்.

எத்தனை அடுக்கு ஒன்றுசேர்கிறது? புதியவர்கள் விழுவது இந்தக் கேள்வியில்தான். கடையில் ஓர் அடுக்கைத்தான் விரலுக்கிடையில் பிடித்துப் பார்க்கிறார்கள். கையில் வரப்போகும் பொருளில் எட்டு அடுக்கு இருக்கும்.

தடித்த தோல்தான் நெடுநாள் உழைக்கும் என்ற நம்பிக்கையோடு பலர் வருகிறார்கள். பட்டிக்கும் வாருக்கும் அது உண்மை. பணப்பைக்கு நேர்மாறு: தடித்த பணப்பை காற்சட்டைப் பையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், ஓரம் உரசும், தையல் நூல்தான் முதலில் தேயும்.

4. மட்டையில் செய்து, அடுக்குகளைக் கூட்டுங்கள்

முழு வழிகாட்டியில் ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

மட்டையை வெட்டி, ஒட்டி, முழுப் பொருளையும் ஒரு முறை செய்து பாருங்கள். அட்டையைச் செருகுங்கள். 5,000 ரூபாய்த் தாளை வைத்துப் பாருங்கள். பிறகு, எல்லா அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் மிகத் தடித்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே எத்தனை துண்டுகள் என்று எண்ணுங்கள்.

சாதாரண இருமடிப்புப் பணப்பையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று அட்டைப் பைகள். மூடும்போது வெளித்தோல் 2 அடுக்கு, பைகள் 6 அடுக்கு, மொத்தம் 8. எல்லாவற்றையும் 2 மி.மீ. தோலில் வெட்டினால் 16 மி.மீ. நான்கு அட்டை வைத்தால் இன்னும் 3 மி.மீ. ஆக மொத்தம் 19 மி.மீ., ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர், அதுவும் காசு வைப்பதற்கு முன்.

இப்போது வெளித்தோலை 1.2 மி.மீ. ஆகவும் உள்பைகளை 0.7 மி.மீ. ஆகவும் வையுங்கள். வெளித்தோல் 2.4, பைகள் 4.2, அட்டைகள் 3. மொத்தம் 9.6 மி.மீ. அதே மாதிரி, அதே தையல், பாதித் தடிப்பு. கூட்டிப் பார்த்ததைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை.

இன்னும் குறைக்கலாம். மேலே வரும் பைகளின் துணுக்குகளை அடிவரை கொண்டுபோகாமல் இடையிலேயே நிறுத்தி, பின் துண்டோடு ஒரு கோடு தைத்துவிட்டால், அடி ஓரத்தில் ஆறு அடுக்கு சேராது. முதல் பணப்பையிலேயே இதைச் செய்யப் பழகுங்கள்.

மடிப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. மூடியிருக்கும்போது வெளித்தோல் உள்தோலைச் சுற்றிக்கொண்டு போகிறது. அதனால் உள்துண்டின் நீளம் வெளித்துண்டை விட 5 மி.மீ. அளவு குறைவாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் மூடும்போது உள்ளே சுருக்கம் விழும். தோல் தடிக்கத் தடிக்க இந்த வித்தியாசமும் கூடும், ஆகவே மட்டை மாதிரியை மடித்துப் பார்த்தே முடிவெடுங்கள்.

கையால் தைக்கப் போகிறீர்களென்றால் தையல் ஓரத்தில் மொத்தத் தடிப்பு 6 மி.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் துளை நேராக இறங்காது. முன்பக்கம் அழகான கோடும் பின்பக்கம் கோணல் வரிசையும் வரும்.

5. பதனீட்டைப் பார்க்காமல் தடிப்பைப் பேச முடியாது

ஒரே 1.6 மி.மீ. இரண்டு விதமாக நடந்துகொள்ளும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் விறைப்பானது. ஈரத்தில் அச்சுப் பதியும், ஓரம் தேய்த்தால் மினுங்கும். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் துணி போலத் தொங்கும், நீளும், ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு போலவே நிற்கும். நம் பற்றைக் காடுகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவரசின் பட்டையும் தோல் பதனிடப் பயன்படுவதுதான்.

பிரித்தறியச் சில வழிகள் உண்டு. வெட்டிய ஓரத்தின் நடுப்பகுதி நீலச் சாம்பலாகத் தெரிந்தால் குரோம். சாயம் உள்வரை ஊறியிருந்தால் இது உதவாது. அப்போது நகத்தால் அழுத்துங்கள், தடம் அப்படியே நின்றால் மரப்பட்டைத் தோல். சாயமிடாத துண்டில் ஒரு சொட்டு நீர் விட்டால் மரப்பட்டைத் தோல் உடனே கறுத்து உறிஞ்சும்.

கீழே நான் தரும் எண்கள் மரப்பட்டைத் தோலுக்கானவை. குரோம் தோலில் பை செய்யும்போது அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம், ஆனால் நிமிர்ந்து நிற்க வேண்டிய பக்கங்களுக்கு உள்ளே ஓர் அடுக்குக் கொடுக்க வேண்டிவரும். குரோம் தோலில் ஒற்றை அடுக்கு இடுப்புப் பட்டி வேண்டாம், நீண்டுகொண்டே போகும்.

6. பொருளுக்கு ஏற்ற எண்கள்

திறப்புக் கோர்வை: 1.6 முதல் 2.4 மி.மீ. வரை எதுவும் சரி. முதல் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை, ஏனென்றால் எந்த மிச்சத் துண்டும் உதவும், தடிப்பில் சிறு பிழை வந்தாலும் பொருள் கெடாது.

அட்டை உறை: முன்னும் பின்னும் 1.2 மி.மீ., பைகள் 0.8 மி.மீ. நான்கு அடுக்கே உள்ள எளிய உறையென்றால் எல்லாவற்றையும் 1.2 மி.மீ. தோலிலேயே வெட்டலாம், மொத்தம் 4.8 தான். ஒரே தோலில் முடியும் வேலை என்பதால் இரண்டாவதாக இதைச் செய்யச் சொல்கிறேன்.

பணப்பை: வெளியே 1.2 முதல் 1.6, உள்ளே 0.6 முதல் 0.8.

குறிப்பேட்டு உறை: 1.2 முதல் 1.6. இதற்கு மேல் போனால் உறை தானாகத் திறந்துகொண்டு கிடக்கும்.

தோள்பை: உடலுக்கு 1.6 முதல் 2.0, வாருக்கு 2.8 முதல் 3.2. பையில் நிறையையும் கணக்கிட வேண்டும். அவுன்ஸ் என்ற பெயரே இதற்கு உதவும்: 5 அவுன்ஸ் தோலில் 6 சதுர அடி செலவானால் 30 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 850 கிராம். அதே பையை 8 அவுன்ஸில் வெட்டினால் 48 அவுன்ஸ், 1.36 கிலோ. மரப்பட்டைத் தோல் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடவே நிறுக்கும். புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஓர் அக்கா மிக நேர்த்தியாகத் தைத்த பை இன்று சுவரில் தொங்குகிறது. தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெறும் பையே தோளை இறக்குகிறது என்பதால் அவர் அதைக் கொண்டுபோவதில்லை.

இடுப்புப் பட்டி: 3.2 முதல் 4.0. பக்கிள் மாட்டும் முனையில் பட்டி மடிந்து இரட்டிக்கும், 3.6 மி.மீ. பட்டி அங்கே 7.2 ஆகும். மடியும் நீளத்தைப் பாதித் தடிப்புக்குச் சீவிவிட்டுத்தான் மடியுங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்த தோல்தான் இருக்கிறதென்றால், 1.6 முதல் 2.0 வரையான இரண்டு துண்டுகளை முதுகோடு முதுகாக ஒட்டி, ஓரம் முழுதும் தைத்துப் பட்டியாக்கலாம்.

கத்தி உறை: 3.2 முதல் 3.6. காட்டுக்கும் தோட்டத்துக்கும் கொண்டுபோகும் கத்திக்கு இதைவிடக் குறைக்காதீர்கள். அலகின் கூர்ப் பக்கத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே அதே தோலில் ஓர் ஒடுங்கிய பட்டியை வைத்துச் சேர்த்துத் தையுங்கள். அது இல்லாவிட்டால் கத்தி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் நூலை அறுக்கும். மூன்று அடுக்கு 3.2 என்றால் 9.6 மி.மீ.; நான் மேலே சொன்ன 6 மி.மீ. எல்லையைத் தாண்டுகிறது. ஆகவே கத்தி உறை முதல் வேலை அல்ல. ஐந்தாவதோ ஆறாவதோ ஆக இருக்கட்டும்.

மாட்டுக் கழுத்துப் பட்டி: 3.6 முதல் 4.0, அகலம் 4 முதல் 5 சென்ரிமீற்றர். மணி கட்டி மேயவிடும் மாடுகளுக்கு இதைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. தடித்த தோலின் வெட்டு ஓரம் கூர்மையானது. சீவி உருட்டாமல் கட்டினால் கழுத்தை அறுக்கும். இதில் அலட்சியம் கூடாது. மாடு வலியைச் சொல்லாது.

7. தோலின் எந்தப் பகுதி என்றும் கேளுங்கள்

முதுகுப் பகுதி இறுக்கமானது, தடிப்பும் ஓரளவு சீரானது. பட்டியும் வாரும் அங்கிருந்து, முதுகெலும்பின் நீளப்போக்கிலேயே வெட்டப்பட வேண்டும். குறுக்கே வெட்டிய பட்டி நீளும். வயிற்றுப் பகுதி தளர்வானது, ஒரு சாண் தூரத்துக்குள் தடிப்பு மாறும், விலையும் குறைவு. விலை குறைவு என்று வாங்கி அதில் பட்டி வெட்டிய மாங்குளத்துத் தம்பி ஒருவர், சில மாதங்களில் மூன்று துளைகள் புதிதாகப் போட வேண்டியிருந்தது. வயிற்றுத் தோல் திறப்புக் கோர்வைக்கும் பயிற்சிக்கும் நல்லது. தோள் பகுதி பணப்பைக்கும் பைக்கும் ஏற்றது.

8. கடையில் என்ன சொல்லிக் கேட்பது

வன்னியில் தோலுக்கென்று கடை தேடி அலைவதைவிட, கொழும்பில் உள்ளவரிடம் தொலைபேசியில் சொல்லி பஸ்ஸில் போட்டுவிடச் சொல்வதுதான் பலரின் வழி. தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் சொல்லும் சொல் திருத்தமாக இருக்க வேண்டும். "நல்ல தோல், நடுத்தரத் தடிப்பு" என்று கேட்டால் அவரிடம் அன்று மிச்சமிருப்பது வரும்.

இப்படிக் கேளுங்கள்: மரப்பட்டைத் தோல், தோள் பகுதி, 1.2 மி.மீ., 1.4ஐத் தாண்டக் கூடாது, 2 சதுர அடி, பணப்பைக்கு. என்ன பொருளுக்கு என்பதையும் சொல்வது முக்கியம். அனுபவமுள்ள வியாபாரி அதைக் கேட்டதுமே தவறான தோலைக் கொடுக்கத் தயங்குவார். இடுக்கிமானியில் பிடித்த படம் ஒன்று அனுப்பச் சொல்வதில் கூச்சப்படாதீர்கள்.

பரப்பளவைக் கணக்கிடும்போது துண்டுகளின் மொத்தப் பரப்போடு கால் பங்கு கூட்டி வாங்குங்கள். தழும்பு, உண்ணி கடித்த தடம், சூட்டுக்குறி எல்லாம் தோலில் இருக்கும். அவற்றைச் சுற்றி வெட்ட இடம் வேண்டும்.

தோல் வந்ததும் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். மெல்லிய இடம் உள்பைக்கு, தடித்த இடம் வெளிக்கு என்று பிரித்துக்கொள்ள இது உதவும்.

9. கிடைத்தது தடிப்பாக இருந்தால்

முழுத் துண்டையும் கையால் மெலிதாக்க முயல வேண்டாம். புதியவர் கையில் அது மேடும் பள்ளமுமாகத்தான் வரும். தையல் ஓரத்தையும் மடிப்பையும் மட்டும், ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குச் சரிவாகச் சீவுங்கள். அங்கேதான் அடுக்குகள் சேர்கின்றன. 1.6 மி.மீ. துண்டின் ஓரம் 0.8 ஆகிவிட்டால் தையலில் அது 2 அவுன்ஸ் தோல் போலவே நடந்துகொள்ளும்.

சீவுவதற்கு முன்பும், சீவும்போது இடையிடையேயும் கத்தியைத் தீட்டுங்கள். மழுங்கிய கத்திதான் தோலைக் கிழிக்கிறது, விரலையும் வெட்டுகிறது. கண்ணாடித் துண்டு ஒன்றை அடியில் வைத்துச் சீவினால் தோல் சமமாக இருக்கும்.

0.5 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். துளைக்கும் துளைக்கும் நடுவே தாங்கப் பலம் இருக்காது.

10. நூலும் பொத்தானும் தடிப்பின் பின்னால் வரும்

அட்டை உறைக்கும் பணப்பைக்கும் 0.6 மி.மீ. நூல், துளை இடைவெளி 3 மி.மீ. பைக்கு 0.8 மி.மீ. நூல், 4 மி.மீ. பட்டிக்கும் கத்தி உறைக்கும் 1.0 மி.மீ. நூல், 4 முதல் 5 மி.மீ. மெல்லிய தோலில் தடித்த நூல் தைத்தால் துளைகள் வரிசையாகக் கிழியும். முத்திரைத் தாளைக் கிழிப்பது போல.

நூலுக்கு மெழுகிடத் தேன்மெழுகு போதும். வன்னியில் தேன் எடுப்பவரிடம் கேட்டால் கிடைக்கும். ஓரத்தைத் தேய்க்கக் கடையில் கருவி வாங்க வேண்டியதில்லை. தச்சுப் பட்டறையில் ஒதுக்கிப் போட்ட முதிரைத் துண்டில் ஒரு பள்ளம் செதுக்கி, அரத்தாளால் வழுவழுப்பாக்கினால் ஆயுளுக்கும் உழைக்கும்.

அமுக்குப் பொத்தானும் ரிவிட்டும் வாங்குமுன் அந்த இடத்தில் சேரும் தடிப்பைக் கொண்டுபோங்கள். ரிவிட்டின் தண்டு, அடுக்குகளைத் தாண்டி 3 மி.மீ. அளவு வெளியே தெரிய வேண்டும். தண்டு குறைந்தால் பிடிக்காது, கூடினால் அடிக்கும்போது சரிந்து வளையும்.

11. மாரிகாலத்தில் கவனம்

ஐப்பசி முதல் தை வரை இங்கே காற்றே ஈரமாக இருக்கும். மரப்பட்டைத் தோல் அந்த ஈரத்தை உறிஞ்சிச் சற்று வீங்கும். மழையில் நனைந்து வந்த சுருளை அன்றே அளந்து வெட்டாதீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் உலரவிட்டு அளவெடுங்கள். வெயிலில் காயப்போட்டால் விறைத்துப்போகும். பொலித்தீனில் சுற்றிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசியிலோ பருத்தித் துணியிலோ சுற்றுங்கள். கத்தியை அந்த மாதங்களில் உறைக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள், அலகு துருப்பிடிக்கும்.

12. முழுத் தோலில் கத்தி வைக்கும் முன் ஒரு துண்டு

வாங்கிய தோலின் ஓரத்திலிருந்து, பொருளின் மிகத் தடித்த இடத்தில் எத்தனை அடுக்கு உண்டோ அத்தனை சிறு துண்டுகளை, 5 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டுங்கள். அதே பசை, அதே துளை, அதே நூல். தைத்து முடித்து ஓரத்தைத் தேய்த்து, கையில் வைத்து மடித்துப் பாருங்கள்.

வெளிப்பக்கத்தில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால், அல்லது பின்பக்கத் தையல் வரிசை கோணினால், ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும் அல்லது ஓரத்தைச் சீவ வேண்டும். சரியாக வந்தால் அந்தத் துண்டின் பின்னால் மி.மீ. எண்ணையும் நூலின் எண்ணையும் எழுதி ஒரு கம்பியில் கோர்த்துவையுங்கள். என் விறாந்தைச் சன்னலில் அப்படி ஒரு கோர்வை தொங்குகிறது. யாராவது புதிதாக ஒரு பொருளைச் செய்யக் கேட்டு வந்தால், நான் முதலில் கையை நீட்டுவது அதற்குத்தான்.